சாம்பிராணி போட்ட கம்ப்யூட்டர்

போன மாசம் எங்கள் பழைய ஸ்கூலில் ஏதோ விழா என்று கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகிறது. வடையும் காபியும் உண்டு என்றால் நான் எங்கேயும் போவேன். போன இடத்தில், இப்போது கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஷீபா என்னை லேபுக்குள் இழுத்துக்கொண்டு போய், "நம்ம ஸ்கூலோட மொத கம்ப்யூட்டர் டீச்சர் இவங்கதான். என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று பிள்ளைகள் முன்னால் நிறுத்திவிட்டாள். ஒருத்தி எழுந்தாள். "மிஸ், அப்பல்லாம் எதுல சேவ் பண்ணுவீங்க?" "பாட்டு கேசட்டில" என்றேன். இன்னொருத்தி கேட்டாள். "மழை பெஞ்சா என்ன மிஸ் பண்ணுவீங்க, கரண்ட் போயிருமே?" "மழை பெஞ்சா கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி போடுவோம்" என்றேன்.

அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் மேஜையில் தலையைக் கவிழ்த்து வைத்துச் சிரிக்கிறார்கள். ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு, "டீச்சர் சும்மா வெளையாடுதாங்க" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! முப்பத்து நாலு வருஷம் அந்தக் கட்டடத்தில் குப்பை கொட்டியவள் நான். நான் எதற்கு விளையாட வேண்டும்? வடையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். வடையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். வந்த கையோடு ஒரு குயர் நோட்டு வாங்கி இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வரிகூட அளப்பு கிடையாது.

என் பெயர் பாக்கியலட்சுமி. ஊர் இலஞ்சி. டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, தென்காசியில் அந்தப் பெண்கள் பள்ளி ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசி அது. தற்காலிக வேலை. அப்போது பழைய மாணவி ஒருத்தி, மஸ்கட்டில் இருந்தவள், ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் குளிக்கிற துண்டில் சுற்றி, சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்து ஸ்கூலுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதை யார் ஓட்டுவது? "டைப் அடிக்கிற பிள்ளைதானே, இதுலயும் பொத்தான்தானே இருக்கு" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்கள். மதுரையில் மூன்று மாசம் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். நாங்கள் நாற்பது பேர் வெளியே உட்கார்ந்து பேப்பரில் புரோகிராம் எழுதினோம். நான் அதை இரண்டு தடவை தொட்டிருக்கிறேன், அதில் ஒரு தடவை தூசி துடைக்க. என் படிப்பு அவ்வளவுதான். அதற்குள் இங்கே டைப்பிஸ்ட் நாற்காலியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். ஆகவே, கம்ப்யூட்டர் இருந்தால் எனக்கு வேலை. இல்லையென்றால் இலஞ்சிக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டி என்றா சொன்னேன்? ஒரு ஜியாமெட்ரி பாக்ஸைக் கொஞ்சம் அகலமாக்கியது போல இருக்கும். கறுப்பு நிறம். அதுவே கீபோர்டு, அதுவே கம்ப்யூட்டர். பொத்தான்கள் ரப்பர். அழுத்தினால் இளம் நுங்கை அமுக்குவது மாதிரி உள்ளே போகும். திரை கிடையாது, வீட்டு டிவியில் மாட்ட வேண்டும். நினைவாற்றல் நாற்பத்தெட்டு கே. இன்று என் நாத்தனார் தினமும் காலையில் ரோஜாப்பூ போட்டு ஒரு வணக்கம் அனுப்புகிறாள், அந்த ஒரு ரோஜாப்பூவுக்கு அந்தப் பெட்டியில் இடம் பற்றாது.

அதில் எனக்கு ஒரு பெரிய அவமானம் காத்திருந்தது. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிக்கிறவள் நான். இந்தப் பெட்டியிலோ 'பி'யை ஒரு தடவை அழுத்தினால் 'பிரிண்ட்' என்று முழுச்சொல்லும் தானாக வந்து நிற்கும். எழுத்து எழுத்தாக அடிக்க விடாது. நான் பழக்கதோஷத்தில் மளமளவென்று அடிக்க, திரை முழுக்கச் சம்பந்தமில்லாத சொற்கள் வரிசைகட்டி நின்றன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒற்றை விரலால் தடவித் தடவி என்னைவிட வேகமாக அடித்தார்கள். என் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போய் அருவியில் விட்டுவிடலாமா என்று இருந்தது.

எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர். ஊரே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி, ஆனால் அந்தக் குரல் வராண்டாவின் அந்தக் கோடியில் கேட்டாலே இந்தக் கோடியில் பிள்ளைகள் ரிப்பனைச் சரி பண்ணும். திட்டவே மாட்டார். தப்புச் செய்தால் மூன்றே கேள்வி: என்ன செஞ்சே? எதுக்குச் செஞ்சே? இப்ப என்ன செய்யப் போறே? மூன்றாவது கேள்விக்குள் நமக்கு நாக்கு உலர்ந்துவிடும். அவர் கம்ப்யூட்டரை ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. "அவுக எந்திரிச்சிட்டாகளா?" என்றுதான் கேட்பார். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வாரம் நானும் "அவுக இன்னும் எந்திரிக்கல டீச்சர்" என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அவர்களை எழுப்புவது லேசான காரியமில்லை. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஸ்டெபிலைசரைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பது பெரிய டீச்சருக்குப் பிடிக்காது. கண்ணை மூடிக் கர்த்தர் ஜெபத்தை நிதானமாக இரண்டு தரம் சொல்லி முடிப்பார், ஸ்டெபிலைசர் முள் நடுவில் வந்து நிற்கும். பிறகு டிவியின் மரக்கதவைத் திறந்து, சேனல் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து திரை தெளியும். அறையில் ஃபேன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். யாராவது ஃபேனை அணைத்தால் அந்தச் சின்ன 'டப்'பிலேயே அவர்கள் அத்தனையும் மறந்து, பிறந்த குழந்தை மாதிரி விழிப்பார்கள்.

அடுத்தது டேப் ரெக்கார்டர். கரண்ட் போனால் பெட்டிக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. ஆகவே எழுதிய புரோகிராமைச் சாதாரணப் பாட்டு கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும், மறுநாள் அந்தக் கேசட்டை ஓடவிட்டுப் பெட்டிக்கு ஊட்ட வேண்டும். ஓடும்போது வரும் சத்தம் இருக்கிறதே! கீச்ச்ச் என்று தொடங்கி, க்ர்ர்ர் என்று மாறி, எண்ணெய்ச்சட்டியில் நூறு பூனைகளைப் போட்டது போல நாலு நிமிஷம். சத்தம் கொஞ்சம் கூடினாலும் ஏற்காது, குறைந்தாலும் ஏற்காது. வால்யூம் திருகில் சரியான இடத்தில் நான் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தேன். பெரிய டீச்சர் பார்த்தார். மறுநாள் அதே இடத்தில் குங்குமம் துடைக்கப்பட்டுச் சிவப்பு மை இருந்தது. அந்த நாலு நிமிஷமும் நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். கடைசி நொடியில் 'டேப் எரர்' என்று வந்தால் மொத்த வகுப்பும் "அய்யய்யோ" என்று நெஞ்சில் கைவைக்கும். ஓடிவிட்டால், ஆகா, அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுத! இன்றைக்குத் தொட்டவுடன் எல்லாம் வந்துவிடுகிறது, ஒருத்தராவது கைதட்டுகிறீர்களா?

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஆனி பிறக்கும்வரை. சாரல் தொடங்கியதும் தென்காசியில் உப்புஜாடி முதல் தீப்பெட்டி வரை நமுத்துப்போகும். அவர்களும் நமுத்துப்போனார்கள். பத்துப் பொத்தானை அழுத்தினால் நாலு வேலை செய்யும். ஒருநாள் காலையில் எழுப்பினால் திரையில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. பெரிய டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "அவுகளுக்கு ஜலதோஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். எங்கள் அம்மா வழக்கம்போலத் தூபக்காலில் தணலைப் போட்டு, சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, என் தலைமுடியை அதன்மேல் பரத்திவிட்டாள். பத்தே நிமிஷத்தில் முடி பொலபொலவென்று உலர்ந்தது. நான் கூடையைப் பார்த்தேன். தூபக்காலைப் பார்த்தேன். "யம்மா, இதை நான் நாளைக்கு ஸ்கூலுக்குக் கொண்டுபோறேன்" என்றேன்.

"பிள்ளைகளுக்கா போடப் போறே?"

"கம்ப்யூட்டருக்கு."

"போட்டு விடு. நல்லா இருக்கட்டும், பாவம்" என்றாள் அம்மா. கம்ப்யூட்டர் என்றால் ஏதோ அனாதைப் பிள்ளை என்று நினைத்திருப்பாள் போல.

மறுநாள் தணல்மேல் கூடையைக் கவிழ்த்து, மேலே பெட்டியையும் டேப் ரெக்கார்டரையும் வைத்து, அரைமணி நேரம் புகை காட்டினேன். எழுப்பினால், அம்மாடியோ, அத்தனை பொத்தானும் வேலை செய்கிறது! பெரிய டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு இருமியபடியே நின்று பார்த்தார். "தெனமும் போடு பாக்கியம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுரையில் படித்த எந்த மகாராசனுக்காவது இந்த யோசனை வந்திருக்குமா? வராண்டாவில் நடக்கும்போது ஒரு சாண் உயரமாகவே நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தாளாளரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் தாளாளருக்குத் திருநெல்வேலியில் இன்னொரு பெரிய ஸ்கூலும் உண்டு. 'ஆடி மாசக் கடைசியில் வருகிறேன். கம்ப்யூட்டரால் நம் பிள்ளைகளுக்கு என்ன பிரயோஜனம் என்று நேரில் பார்ப்பேன். பிரயோஜனம் இல்லையென்றால் இங்கே மாற்றிக்கொள்ளலாம்.' ஆடியில் வருவது ஆச்சரியமில்லை. ஆய்வு, ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் எங்கள் ஊருக்கு அருவியில் தண்ணீர் விழும் சீசனில்தான் வரும். பங்குனி வெயிலில் ஒரு அதிகாரியும் தென்காசியை எட்டிப்பார்த்ததாகச் சரித்திரமில்லை. பெரிய டீச்சர் கடிதத்தை மடித்தார். "அவுக போனா நீயும் போகணும். தெரியும்லா?"

"தெரியும் டீச்சர்."

"அப்ப நல்லதா ஒண்ணு செஞ்சு காட்டு."

செய்தேன். மூன்று வாரம் ராட்சசி மாதிரி உட்கார்ந்து செய்தேன். ஐந்தருவியைத் திரையில் விழவைக்கும் புரோகிராம். மேலே பாறை, அதிலிருந்து ஐந்து கோடு, ஒவ்வொரு கோட்டிலும் புள்ளி புள்ளியாகத் தண்ணீர் இறங்கும், கீழே விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு முன்னால் 'வருக' என்று தமிழில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, பென்சிலால் கட்டங்களை அடைத்து, நானே எழுத்து செய்தேன். 'வ' சமத்தாக உட்கார்ந்தது. 'ரு' வாலை நீட்டிக்கொண்டு அடங்கவே மாட்டேன் என்றது, அதற்கு மட்டும் இரண்டு கட்டம் கொடுத்தேன். முதல் தடவை திரையில் 'வருக' என்று வந்தபோது நான் அந்த அறையில் தனியாகக் குதித்தேன். குதித்த அதிர்வில் பிளக் கழன்று அத்தனையும் அழிந்துபோய், மறுபடி முதலிலிருந்து அடித்தேன். அப்படியும் சந்தோஷம் குறையவில்லை.

தாளாளர் வருவது சனிக்கிழமை. வியாழக்கிழமை புரோகிராமை ஓட்டிப்பார்த்தால் 'டேப் எரர்'. மறுபடி ஓட்டினால் மறுபடி 'டேப் எரர்'. காதைவைத்துக் கேட்டால், பூனைகள் எல்லாம் போர்வைக்குள் கத்துவது போல மந்தமாக இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தேன். கேசட் உரசி ஓடும் அந்தச் சின்ன வெள்ளித்துண்டு, ஹெட் என்பார்கள், அது டிகாஷன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. சாம்பிராணி! ஒரு மாசப் புகையும் அங்கே போய்ப் பிசினாகப் படிந்திருக்கிறது. முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், கொஞ்சம் போயிற்று. இடுக்கில் இருந்தது வரவில்லை. பக்கத்தில் குட்டியாக ஒரு திருகாணி. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் ஹெட்டைச் சாய்த்துப் பின்னாலும் துடைக்கலாமே என்று என் புத்தி சொல்லிற்று. தளர்த்தினேன், துடைத்தேன், திரும்ப இறுக்கினேன். ஹெட் புதுப் பாத்திரமாக மின்னிற்று. கேசட்டைப் போட்டேன்.

ஒன்றுமே ஓடவில்லை. ஒரு கேசட்டும் ஓடவில்லை. எங்களிடம் இருந்த ஆறும் ஓடவில்லை. என் ஐந்தருவி அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது. நோட்டில் பாதிதான் எழுதிவைத்திருந்தேன், மீதி போகிற போக்கில் பெட்டியிலேயே அடித்தது. பாட்டு டீச்சர் வீட்டிலிருந்து அவர் டேப் ரெக்கார்டரை வாங்கிவந்தேன், அதில் வயர் சொருகும் ஓட்டையே இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்கத் திருகினேன், திருகினேன், கை கொப்பளித்துவிட்டது. சனிக்கிழமை காலை எட்டேமுக்கால் மணிக்குப் பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

"என்ன செஞ்சே?"

சொன்னேன்.

"எதுக்குச் செஞ்சே?"

சொன்னேன்.

"இப்ப என்ன செய்யப் போறே?"

நான் அழுதேன்.

அந்த நேரத்தில் வாசல் வேப்பமரத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவர் மைக்செட் சுடலைமுத்து அண்ணாச்சி. புளியறைக்காரர், பேச்சில் மலையாளம் கலந்து வரும். தாளாளர் வரவேற்புக்கு மைக்செட் போட வந்தவர். முப்பது வருஷம் கூம்புக்குக் கீழேயே படுத்து எழுந்ததில் காது பாதி போய்விட்டது, ஆகவே அவர் பேசுவது பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கும். நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்து இறங்கிவந்தார். "என்ன தாயி, யாரு அடிச்சா?"

பெரிய டீச்சரே பதில் சொன்னார். "டேப்பு ஓட மாட்டேங்கு. ஹெட்டுத் திருகாணியத் திருகிட்டா."

"ஹெட்டுத் திருகாணியவா?" அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். "கொள்ளாம்! நானும் மொத வருசம் அதைத்தான் திருகினேன். கொண்டா பாப்போம்."

"உங்க டேப்புல போட்டுப் பாக்கலாமா அண்ணாச்சி?"

"அதுல பாடாது தாயி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஹெட்டு ஒரு சாய்மானமா நிக்கும். இந்தக் கேசட்டு இந்தப் பெட்டில பொறந்தது. அது எந்தச் சாய்மானத்துல பொறந்துதோ அங்கன கொண்டு நிறுத்துனாத்தான் பாடும்." இடுப்பிலிருந்து தீக்குச்சி கனத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். டேப் ரெக்கார்டரைக் காதோடு ஒட்டிவைத்து ஒரு நிமிஷம் கேட்டார். முகத்தைச் சுளித்தார். "இந்தச் சின்ன சத்தம் நமக்குக் கேக்காது. கூம்புல போடுதேன்."

"அண்ணாச்சி, வேண்டாம்" என்று நான் சொல்வதற்குள் வயரைச் சொருகிவிட்டார்.

கீச்ச்ச்ச்ச்!

நாலு கூம்பு. நாலு திசை. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் ஒரே சமயத்தில் கிளம்பிற்று. எதிர்வீட்டு அக்கா கையில் தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள். பால்காரர் சைக்கிளைக் கீழே போட்டார். யாரோ தீயணைப்பு வண்டி வந்துவிட்டது என்று கத்த, தெரு முழுக்க ஆட்கள் குடத்தோடு வந்து நிற்கிறார்கள். "எங்க டீச்சர் தீ?" என்று கேட்கிறார்கள். பெரிய டீச்சர் கேட்டில் நின்று, அதே ஒல்லிக் குரலில், "தீ இல்ல. கம்ப்யூட்டர் பேசுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்கிறார். ஒருவரும் போகவில்லை. கம்ப்யூட்டர் பேசுகிறது என்றால் எவன் போவான்?

அண்ணாச்சிக்கு இது எதுவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் ஸ்க்ரூ டிரைவரை ஒரு எள்ளளவு இந்தப் பக்கம், ஒரு எள்ளளவு அந்தப் பக்கம் திருப்பினார். சத்தம் மந்தமாயிற்று, கூர்மையாயிற்று, மறுபடி மந்தமாயிற்று. "வருது... வருது... போச்சு, சவம்... ஆங், இப்ப பாரு!" பூனைகள் போர்வையை உதறிவிட்டு வெளியே வந்தன. அந்தக் கீச்சு என் பல்லுக்குள் கூசிற்று. எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் என் கேசட்டின் பழைய குரல்! நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

சரியாக அந்த நேரத்தில் காம்பவுண்டுக்குள் கார் நுழைகிறது. பத்தரைக்கு வர வேண்டிய தாளாளர் ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டார். பின்சீட்டில் துண்டும் நல்லெண்ணெய் பாட்டிலும் இருந்தன, சீக்கிரம் முடித்துவிட்டு ஐந்தருவிக்குப் போகிற அவசரம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கினார். "என்ன டீச்சர் இது? யாரைக் கொல்லுதிய?"

"அவுக தயாரா இருக்காக அய்யா. உள்ள வாங்க" என்றார் பெரிய டீச்சர், ஒன்றுமே நடக்காதது போல.

நான் அண்ணாச்சியிடம் கூம்பு வயரைக் கழற்றச் சொன்னேன். "மூச்! இப்ப வயரைத் தொட்டா சவுண்டு மாறிரும். கெடக்கட்டும்" என்றார். ஆக, தாளாளர் நாற்காலியில் உட்கார, ஸ்டெபிலைசரைப் போட, பெரிய டீச்சர் கண்ணை மூட, டிவிக் கதவு திறக்க, தென்காசிக்கு இரண்டாம் தடவையும் நாலு நிமிஷம் பூனைகள் அலறின. வெளியே கூட்டம் கேட்டில் ஏறி நிற்கிறது. உள்ளே தாளாளர் காதைப் பொத்தியபடி என்னை முறைக்கிறார். நான் திரையின் ஓரத்தில் ஓடும் கோடுகளைப் பார்த்தபடி என் குலதெய்வத்தையும் பெரிய டீச்சரின் தெய்வத்தையும் ஒரே மூச்சில் கூப்பிடுகிறேன். சத்தம் நின்றது. திரை வெளுத்தது.

வருக.

வாலை மடக்கிக்கொண்ட அந்த 'ரு'வோடு, வருக! பிறகு பாறை வந்தது. ஐந்து கோடு இறங்கிற்று. புள்ளி புள்ளியாகத் தண்ணீர் விழுந்தது. டிக், டிக், டிக். பெட்டி வயரும் கூம்பு வயரும் ஒன்றாகவே கிடந்ததால், ஒவ்வொரு சொட்டும் வேப்பமரத்துக் கூம்பிலும் விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. தாளாளர் காதிலிருந்து கையை எடுத்தார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "நம்ம ஐந்தருவில்லா! எம்மா, இதை நீயா செஞ்சே?"

"ஆமா அய்யா."

"பிரமாதம்! டீச்சர், நான் இதை விளையாட்டுச் சாமான்னு நெனச்சேன். இவ்வளவு நல்லா ஓடுதே! இதைப் போயி இந்தச் சின்ன ஸ்கூல்ல வச்சிருக்கலாமா? திங்கக்கிழமை வேன் அனுப்புதேன். நம்ம பெரிய ஸ்கூல்ல வச்சிருவோம்."

ஓடவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போவார் என்றுதானே உயிரைக் கொடுத்து ஓடவைத்தோம்? ஓடினாலும் எடுத்துக்கொண்டு போவாரா? இது என்ன நியாயம்? அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"கொண்டு போங்க அய்யா. ஆனா அங்க ஓடாது."

"ஏன் ஓடாது?"

"ஸ்டெபிலைசர் போட்டதும் ஜெபம் ரெண்டு தரம் சொல்லணும். ஃபேனை யாரும் தொடக் கூடாது. பிள்ளைக குதிக்கக் கூடாது, குதிச்சா எல்லாம் அழிஞ்சிரும். இந்தக் கேசட்டு இந்த டேப்புல மட்டுந்தான் பாடும். அதுலயும் நான் திருகாணியத் திருகிக் கெடுத்துட்டேன், சுடலைமுத்து அண்ணாச்சி கூம்பு கட்டித்தான் சரி பண்ணாவ. இனி கெட்டாலும் அண்ணாச்சிதான் வரணும். சாரலுக்குத் தெனமும் காலைல கூடையக் கவுத்துச் சாம்பிராணி போடணும். சாம்பிராணி போட்டா ஹெட்டுல பிசின் புடிக்கும். போடலைன்னா பொத்தான் வேலை செய்யாது."

தாளாளர் பெரிய டீச்சரைப் பார்த்தார். "சாம்பிராணியா?"

"உள்ளதைத்தான் சொல்லுதா அய்யா" என்றார் பெரிய டீச்சர். "நான் தெனமும் நின்னு பாக்குதேன்."

தாளாளர் பெட்டியைப் பார்த்தார். குனிந்து மோந்துகூடப் பார்த்தார். அவர் தோள் குலுங்கிற்று. கோபம் என்று நினைத்து நான் இரண்டடி பின்னால் போனேன். மனுஷர் சிரிக்கிறார்! நாற்காலியில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வழிய, துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். "இது கம்ப்யூட்டரா, கைக்கொழந்தையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "எம்மா, அந்தத் தண்ணிய இன்னொரு தரம் விடு" என்றார்.

விட்டேன். கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று தரம் விட்டேன். டிரைவர் வாசலில் வந்து தலையைச் சொறிந்தார். "அய்யா, நேரமாச்சு. அருவில கூட்டம் ஏறிரும்."

"இருடே. இங்கன கூட்டம் கம்மிதான்" என்றார் தாளாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்படியே சொன்னார். "டீச்சர், வேன் வேண்டாம். இதை வளக்க எங்களால ஆவாது. பெத்து வளத்த புள்ள கையிலயே இருக்கட்டும். இந்தப் புள்ள வேலைய நெரந்தரமாக்கணும்னு இன்னைக்கே எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

நான் அந்த டிவியைக் கட்டிக்கொண்டு, பெட்டியின்மேல் குனிந்து, ஓவென்று அழுதேன். சிரித்துக்கொண்டேதான் அழுதேன். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், கேட்டில் ஏறி நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து தட்டுகிறார்கள், அண்ணாச்சி வெளியிலிருந்து "கொள்ளாம்! கொள்ளாம்!" என்று கத்துகிறார். பெரிய டீச்சர் என் பக்கத்தில் வந்தார். தோளில் கைவைப்பார் என்று நினைத்தேன்.

"ஏட்டி பாக்கியம்," என்றார் காதோரமாக, "அழணும்னா தள்ளி நின்னு அழு. அவுக மேல தண்ணி பட்டுரும்."